பினாங்கில் இருந்துகொண்டு ஃபேர் ஐல் ஸ்வெட்டர் பின்ன என்ன நூல், என்ன நிறம் வாங்கலாம்?

மகள் படிக்கப் போவது ஸ்காட்லாந்தின் அபெர்டீன், கையில் இருப்பது அரக்கு நிறத்திலும் பாட்டில் பச்சையிலும் காட்டன் நூல் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தக் காட்டனை அலமாரியிலேயே விட்டுவிடுங்கள். இந்தப் பின்னலில் ஒரே வரிசையில் இரண்டு நிறம் ஓடும். வேலையில்லாத நிறம் பின்பக்கமாக இழுபட்டு வரும். காட்டனுக்கு நெகிழ்வு கிடையாது. பின்னால் ஓடும் இழை கொஞ்சம் இறுகினாலும் முன்பக்கம் சுருங்கிக் காட்டிக் கொடுத்துவிடும்.

ஷெட்லாந்து கம்பளி வாங்குங்கள் (ஷெட்லாந்து ஸ்காட்லாந்துக்கு வடக்கே உள்ள தீவுக்கூட்டம், அபெர்டீனிலிருந்து அங்கே கப்பல் போகிறது). அதன் இழைகள் ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும். அலசிக் காயவைத்ததும் உப்பி, கண்ணிகளுக்கு இடையிலுள்ள சந்துகளை மூடிவிடும். தொட்டால் சொரசொரப்புதான், உள்ளே ஒரு சட்டை போட்டால் சரி. மெஷினில் துவைக்கத் தோதான சூப்பர்வாஷ் கம்பளி மெத்தென்று இருக்கும், ஆனால் வழுக்கும். முதல் ஸ்வெட்டருக்கு வேண்டாம். அக்ரிலிக் கைப்பழக்கத்துக்கு ஆகும், அவ்வளவுதான்.

நிறத்தில்தான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள். அரக்கும் பச்சையும் பட்டுச் சேலையில் எடுப்பாக இருக்கும். அங்கே உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம், நடுவே ஜரிகை. ஸ்வெட்டரில் இரண்டு மூன்று கண்ணிக்கு ஒருமுறை நிறம் மாறும். இரண்டும் ஒரே அளவு அடர்த்தி என்பதால் நாலடி தள்ளி நின்றால் வெறும் பழுப்புதான் தெரியும். நூல்களை ஒட்டி வைத்து, போனில் கறுப்பு வெள்ளைப் படம் எடுத்துப் பாருங்கள். இரண்டும் ஒரே சாம்பலாக வந்தால் அந்த ஜோடி சேராது. அரக்கை வைத்துக்கொண்டு பச்சைக்குப் பதில் சந்தன நிறம் போடுங்கள், பூ பளிச்சென்று எழும்பும். கடையின் டியூப் லைட்டை நம்ப வேண்டாம். உருண்டைகளைக் கடை வாசலில் உள்ள ஐந்தடிப் பாதைக்கு எடுத்து வந்து பகல் வெளிச்சத்தில் பாருங்கள். லெபோ பாசாரில் சேலை எடுக்கும்போது செய்வதுதானே!

அப்புறம், பின்பக்கத்தில் பூவுக்கான நூல் எப்போதும் மற்ற நூலுக்குக் கீழாகவே வரட்டும். கீழே வரும் நூல்தான் முன்பக்கம் தூக்கலாகத் தெரியும். நடுவில் மாற்றினால் பூ அந்த இடத்தில் மங்கிப்போகும்.

ஸ்வெட்டரைக் குழாய் போல வட்டமாகப் பின்னப் போகிறீர்கள் என்றால் மாதிரித் துண்டையும் வட்டமாகவே பின்னி, ஊறவைத்து அலசுங்கள். அரக்குச் சாயம் சந்தனத்தில் இறங்குகிறதா என்பது அப்போதே தெரிந்துவிடும். ஒரே சாய எண்ணாக (ஒரே தடவையில் சாயமேற்றிய நூல் என்று காட்டும் எண்) பார்த்து, தரைநிறத்தில் ஓர் உருண்டை கூடுதலாகவே வாங்குங்கள். குறைந்தால் மறுபடி வரவழைப்பதற்குள் மகள் விமானம் ஏறியிருப்பாள்.