பார்வைக் கவுதாரி

அன்புள்ள ஐயா,

நான் முல்லைத்தீவு மாவட்டத்தில் ஒரு பாடசாலையில் விஞ்ஞானம் கற்பிக்கிறேன். 2010இல் மீள்குடியேறி வந்தபோது எங்கள் வளவில் வேலியென்று எதுவும் மிஞ்சியிருக்கவில்லை. பக்கத்து வளவில் குடியேறிய என் தங்கையின் கணவர், சில வருடங்களின் பின் எங்கள் காணிக்குள் கால் ஏக்கர் அளவு உள்ளே வந்து வேலி அடைத்துவிட்டார். விசாரிக்க வந்தவர்களிடம் என் அம்மாவே, "எல்லை பாலைமரத்தடிதான்" என்று சொன்னார். பழைய பாலை ஷெல் விழுந்து முறிந்துபோயிற்று; இப்போது நிற்பது வேறு பாலை. அம்மாவுக்குக் கண் மங்கல். அன்றிலிருந்து நான் அவருடன் பேசுவதில்லை. அவர் தங்கை வீட்டில் இருக்கிறார். என் நாய் மட்டும் எனக்கு உண்மையாக இருக்கிறது. இரவில் அம்மா வைக்கும் சோற்றைத் தின்றுவிட்டு வந்தாலும் என் வாசலில்தான் படுக்கும். விலங்குகள் பொய் சொல்வதில்லை, மனிதன் மட்டுமே ஏமாற்றுகிறான் என்று வகுப்பில் சொல்லி வருகிறேன். இது சரிதானா? காகத்தின் கூட்டில் முட்டையிடும் குயிலை எங்கே வைப்பது?

பெயர் வேண்டாம்.

*

தம்பி,

நீங்கள் என்னை ஐயா என்று விளித்திருக்கிறீர்கள். உங்கள் வயதைக் கேட்காமலே நான் தம்பி என்று எழுதுகிறேன். கொஞ்சம் கண்டிக்க வேண்டியிருக்கிறது. வரும் கடிதங்களில் பெரும்பாலானவற்றுக்கு நான் பதில் எழுதுவதில்லை. உங்களுடையதை எடுத்து வைத்ததற்குக் காரணம், அது வந்த வாரத்தில் நானும் ஒரு பறவையின் பொய்யையே நினைத்துக்கொண்டிருந்தேன் என்பதுதான்.

ஆடி மாதத்தில், நீர் வற்றி வெடித்துக் கிடந்த குளத்துக்குள் இறங்கிக் குறுக்கே நடந்துகொண்டிருந்தேன். என் காலுக்கு ஐந்தாறு முழம் முன்னால் ஒரு சிறு பறவை, ஒரு செட்டையை நிலத்தில் விரித்து இழுத்துக்கொண்டு, எழுவதும் விழுவதுமாகத் தத்தளித்தது. புத்தகங்கள் அதைப் பட்டாணி உப்புக்கொத்தி என்று எழுதுகின்றன. குனிந்தால் எடுத்துவிடலாம் என்று தோன்றும் தூரம். குனிந்தேன், இன்னும் நாலு முழம் தள்ளிப் போய் விழுந்தது. இப்படியே என்னை முப்பது நாற்பது அடி கூட்டிக்கொண்டு போனபின், முறிந்த செட்டையை ஒழுங்காக மடித்து, ஒரு குறையும் இல்லாமல் பறந்து போயிற்று. அதன் முட்டைகள் நான் முதலில் நின்ற இடத்துக்குப் பக்கத்தில், கற்களோடு கற்களாகக் கிடந்திருக்கும். சிறுவனாக இருந்தபோதே இந்த வித்தையை அறிந்தவன், எழுபது வயதில் திரும்பவும் பின்னால் போனேன். வெட்கமாக இருக்கவில்லை, அந்த நடிப்பு அவ்வளவு நல்லது.

ஆகவே உங்கள் முதல் கேள்விக்குப் பதில்: சரியல்ல. விஞ்ஞானம் கற்பிப்பவர் இதை வகுப்பில் சொல்லியிருக்கக் கூடாது. உங்கள் வீட்டுக் கறிவேப்பிலையில் புழுவாக இருந்து வளரும் கறுப்பு வண்ணத்துப்பூச்சியைப் பாருங்கள். அதன் பெண்களில் ஒரு பகுதி, ஆடுதின்னாப்பாலையைத் தின்று வளர்ந்து உடம்பில் நஞ்சு ஏற்றிக்கொள்ளும் வேறோர் இனத்தின் சிவப்புப் புள்ளிகளை அப்படியே செட்டையில் அணிந்துகொண்டு திரிகிறது. நஞ்சு இதற்கு இல்லை; சட்டை மட்டும் இருக்கிறது. நஞ்சுள்ளதன் உடல் சிவப்பு, இதன் உடல் கறுப்பு என்பதைக் கவனித்தால் பிள்ளைகளாலும் பிரித்தறிய முடியும். ஆல்ஃபிரட் ரஸல் வாலஸ் இந்தப் பூச்சியைப் பற்றி 1865இலேயே எழுதினார். இதை வகுப்பில் காட்ட உங்களுக்குப் பணமும் வேண்டாம், பஸ்ஸும் வேண்டாம்.

வண்ணத்துப்பூச்சிக்குத் தான் ஏமாற்றுவது தெரியாதே என்று நீங்கள் சொல்லலாம். சரி, தெரிந்து செய்வதைப்போலத் தோன்றுவதற்கு வருவோம். தென்னாபிரிக்காவின் கலஹாரி வரண்ட நிலத்தில் நம் கரிக்குருவியின் இனத்தைச் சேர்ந்த ஒன்று இருக்கிறது. மீர்க்காட் என்னும் கீரி இன விலங்குகள் நிலத்தைக் கிண்டி இரை தேடும்போது இது மேலே இருந்து காவல் பார்க்கும். பருந்து வந்தால் உண்மையாகவே எச்சரிக்கும். அந்த நம்பிக்கையைச் சம்பாதித்த பிறகு, ஒரு மீர்க்காட் கொழுத்த தேளையோ புழுவையோ கிண்டி எடுக்கும் நேரம் பார்த்து, பருந்து இல்லாமலே கத்தும். அது இரையைப் போட்டுவிட்டு ஓட, இது இறங்கி எடுத்துக்கொள்ளும். தன் குரலை அவை நம்பாமல் விடத் தொடங்கினால் வேறோர் உயிரின் எச்சரிக்கைக் குரலுக்கு மாறிக்கொள்ளும். ரொம் ஃபிளவர் என்ற ஆய்வாளரும் அவருடன் இருந்தவர்களும் இதை 2014இல் எழுதினார்கள். அதன் உணவில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு இப்படித் திருடியது. மிச்சம் உழைத்தது. நாலுக்கு நாலும் திருட முனைந்தால் கேட்பதற்கு ஆள் இருக்காது.

கென்யாவில் ஒரு குரங்கின் கதை இன்னும் எனக்குச் சிரிப்பை வரவழைப்பது. கூட்டத்தில் மிகத் தாழ்ந்த நிலையில் இருந்த ஓர் ஆண் குரங்கு; ஆய்வாளர்கள் அதற்குக் கிட்டுயி என்று பெயரிட்டிருந்தார்கள். அயலிலிருந்து புதிய ஆண் ஒன்று தன் கூட்டத்தில் சேர வருவதைக் கண்டால், கிட்டுயி சிறுத்தை வருகிறது என்பதற்கான குரலை எழுப்பும். வந்தவன் மரத்தை விட்டு இறங்க மாட்டான். எல்லாம் நன்றாகப் போனது. ஆனால் கிட்டுயி அத்துடன் நிற்காமல், தானே மரத்திலிருந்து இறங்கி, திறந்த வெளியில் நடந்துகொண்டு, "சிறுத்தை, சிறுத்தை" என்று கத்தியது. பொய் சொல்லத் தெரிந்தது. பொய்க்கு ஏற்ப நடக்கத் தெரியவில்லை. செனியும் செய்ஃபார்த்தும் பதிவு செய்த இந்தக் குரங்கை நினைக்கும்போதெல்லாம், அதைவிட மோசமாகப் பொய் சொன்ன சில பெரிய மனிதர்கள் நினைவுக்கு வருகிறார்கள், விடுவோம்.

உங்கள் நாய்க்கும் இதிலிருந்து விலக்கு இல்லை. சூரிச் பல்கலைக்கழகத்தில் 2017இல் வெளியான ஆய்வு ஒன்றில், கிடைத்த உணவைத் தனக்குக் கொடுக்கும் மனிதரை நாய் நல்ல உணவு இருந்த பெட்டிக்குக் கூட்டிப் போயிற்று. தானே வைத்துக்கொள்ளும் மனிதரை வெறும் பெட்டிக்குக் கூட்டிப் போவது அதிகரித்தது. குயிலைப் பற்றிய கேள்வியைப் பட்டிமன்றம் நடத்துபவர்களிடம் கொடுத்துவிடுங்கள். நூறு தடவை பேசி முடித்துவிட்டார்கள்.

ஆனால் இவை எல்லாவற்றிலும் ஒன்றைக் கவனித்தீர்களா? உப்புக்கொத்தி தன் செட்டையைத்தான் இழுக்கிறது. நான் நரியாக இருந்து, அது ஒரு கணம் பிந்தியிருந்தால், போவது அதன் உயிர். கரிக்குருவி பிற உயிரின் குரலைக் களவெடுத்தாலும் அதைத் தன் தொண்டையில்தான் செய்கிறது. மீர்க்காட் ஒன்றைப் பிடித்துக் கட்டி வைத்துக் கத்தப் பண்ணுவதில்லை. விலங்கின் பொய் அதன் சொந்த உடம்பில், சொந்தச் செலவில் சொல்லப்படுகிறது. பிடித்துக் கட்டி வைத்துக் கத்தப் பண்ணுவது வேறொரு வித்தை. அதை நான் என் பேரனாரிடம் பார்த்தேன்.

எங்கள் ஊர் பூநகரிக்கும் வெள்ளாங்குளத்துக்கும் இடையில், பற்றைக்காடும் சிறுகுளங்களுமாகக் கிடந்த பக்கம். பேரனார் வயல் செய்பவர். அவரைப் பொய்யர் என்று சொன்னால் ஊரே எழுந்து அடித்திருக்கும். கடன் நெல்லைத் திருப்பி அளக்கும்போது தலை தட்டாமல் குவித்து அளப்பார். அவர் ஏமாற்றியது இரண்டு பேரை. ஒன்று பூதம். வன்னியின் களங்களில் சூடு மிதிக்கும்போது வழக்கமான சொற்களை வாயில் எடுக்கக் கூடாது. நெல்லை நெல் என்று சொல்லக் கூடாது, பொலி என்றுதான் சொல்ல வேண்டும். மாட்டுக்கும் கடகத்துக்கும்கூட வேறு பெயர்கள். பூதம் கேட்டு, விளங்கி, வந்து அள்ளிக்கொண்டு போய்விடும் என்பது காரணம். முழு மொழியையே மாற்றிப் பேசி ஒரு பூதத்தை ஏய்த்த மக்கள் நாம். ஜே. பி. லூயிஸ் என்ற வெள்ளைக்கார அதிகாரி வன்னியைப் பற்றி 1895இல் வெளியிட்ட கைநூலின் காலத்தில் இவ்வழக்கம் முழு உயிருடன் இருந்தது. இயந்திரம் வந்த பிறகு பூதமும் போயிற்று, சொற்களும் போயின. இதை ஏன் இங்கே சொல்கிறேன் என்றால், சொல்லாமல் விட மனம் வரவில்லை.

மற்றது கவுதாரி. பேரனாரிடம் ஒரு சேவல் கவுதாரி இருந்தது. குஞ்சாக எடுத்து வளர்த்தது, பிரம்புக் கூட்டில் வாழ்ந்தது. அதற்கு "பார்வை" என்று பெயர். மற்ற உயிரைப் பிடிப்பதற்காகப் பழக்கி வைத்திருக்கும் உயிருக்கு இந்தச் சொல் மிகப் பழையது. சங்கப் பாட்டிலேயே வேட்டுவனின் முற்றத்தில் விளாமரத்தில் பார்வை மான் கட்டி நிற்கும். விடிகின்ற நேரம் பேரனார் கூட்டைத் துணியால் மூடித் தோளில் தூக்குவார்; பின்னால் கண்ணிகளைச் சுமந்துகொண்டு நான். எனக்கு அப்போது பத்து வயது. பற்றை ஓரத்தில் கூட்டை வைத்து, சுற்றிவரக் கண்ணி நட்டு, துணியை எடுத்துவிட்டு, நாங்கள் ஒதுங்கிக் குந்தியிருப்போம். வெளிச்சத்தைக் கண்டதும் அது கூவும்.

அந்தக் கூவலில் பொய் இல்லை, தம்பி. இதைத்தான் உங்களுக்கு விளங்கப்படுத்த வேண்டும். சேவல் கவுதாரி எதற்குக் கூவுமோ அதற்குத்தான் அதுவும் கூவியது: நான் இங்கே இருக்கிறேன், இந்த இடம் என்னுடையது. அதற்குக் கண்ணியைத் தெரியாது. எங்களைத் தனக்குக் கறையான் கொண்டு வருபவர்களாக மட்டுமே தெரியும். காட்டுச் சேவல் அதைக் கேட்டுக் கோபத்தோடு மறுகூவல் கொடுத்துக்கொண்டு, கால் முள்ளால் குத்துவதற்கு ஓடி வரும். அதன் கோபமும் உண்மை. இரண்டு உண்மைகளுக்கு நடுவில் மயிர்க்கண்ணி இருந்தது. அதை நட்டவர் வாய் திறந்து ஒரு சொல்லும் சொல்லவில்லை. பேரனாரிடம் போய், "நீங்கள் பொய் சொன்னீர்களா?" என்று கேட்டிருந்தால், இல்லை என்றுதான் சொல்லியிருப்பார், அதுவும் உண்மை.

பிடிபட்டதை எடுத்துவர என்னைத்தான் அனுப்புவார். கையில் அதன் நெஞ்சு அடிக்கும். கூட்டுக்குள் இருப்பது அதைப் பார்த்து இன்னும் சத்தமாகக் கூவும், தானே வென்றுவிட்டதாக நினைத்து. வென்றவனின் அந்தக் கூவலை இத்தனை வருடங்கள் கழிந்தும் என்னால் காதிலிருந்து எடுக்க முடியவில்லை. ஒரு நாள் வீடு திரும்பும் வழியில், அதன்மேல் எனக்கு வந்த கோபத்தில், கூட்டைத் தடியால் அடித்தேன். பேரனார் திரும்பி என் கன்னத்தில் ஒன்று போட்டார். "அது என்னடா செய்தது?" என்றார். அதற்கு மேல் ஒன்றும் பேசவில்லை. வீட்டுக்கு வந்ததும், தான் தண்ணீர் குடிக்குமுன், அதற்குப் புற்றுடைத்துக் கறையான் போட்டார்.

இப்போது உங்கள் கடிதத்துக்கு வருகிறேன். வேலியைப் பற்றியும் நாயைப் பற்றியும் நிறைய எழுதிய நீங்கள், அம்மாவை நாலே வரியில் கடந்து போகிறீர்கள். அவர் சொன்னது என்ன? எல்லை பாலைமரத்தடி. அது உண்மைதானே? உங்கள் தகப்பனார் காலத்திலிருந்து அவர் அறிந்த எல்லை அதுதான். பாலை முறிந்தது அவருக்குத் தெரியுமா என்று கேட்டீர்களா? எந்தப் பாலை என்று விசாரிக்க வந்தவர்கள் அவரைக் கூட்டிப்போய்க் காட்டினார்களா? உங்கள் மைத்துனர் அங்கே ஒரு பொய்யும் சொல்லத் தேவைப்படவில்லை என்பதைக் கவனியுங்கள். கண் மங்கிய ஒரு கிழவியைக் கதிரையில் இருத்தி, அவருக்குத் தெரிந்த உண்மையைச் சொல்ல விட்டார்; அவ்வளவுதான். நீங்களோ மைத்துனரைப் பற்றி எனக்குக் கடிதம் எழுதுகிறீர்கள், அம்மாவுடன் பேசாமல் இருக்கிறீர்கள். கூட்டைத் தடியால் அடித்த பத்து வயதுப் பையனுக்காவது பேரனார் இருந்தார்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், கோபிக்க வேண்டாம்; கோபித்தாலும் பரவாயில்லை. உங்கள் நாய் வாசலில் படுப்பது அதன் உண்மை. அதை எடுத்து, "பாருங்கள், இதுவல்லவோ விசுவாசம்" என்று வகுப்பிலும் கடிதத்திலும் கூவ விடுகிறீர்களே, அது உங்கள் தங்கைக்கும் அம்மாவுக்கும் நீங்கள் நட்ட கண்ணி. அந்த நாய்க்கு உங்கள் வழக்கில் எந்தப் பக்கமும் இல்லை. அது இரண்டு வீட்டிலும் தின்கிறது.

காணி விவகாரத்துக்கு என்னிடம் மருந்து கிடையாது. 2010க்குப் பின் வன்னியில் எல்லைக்கல் தேடி அலைபவர்கள் உங்களைப்போல் எத்தனையோ பேர். பழைய உறுதியோ அனுமதிப்பத்திரமோ கையில் இருந்தால் நில அளவையாளரைக் கொண்டு அளப்பியுங்கள், அதற்கு உணர்ச்சி தேவையில்லை. அம்மாவிடம் மட்டும், பாலை முறிந்த நாளைப் பற்றிச் சொல்லுங்கள். வேலியைப் பற்றி அல்ல, அந்த மரத்தைப் பற்றி. அவர் அதன் பழத்தைப் பொறுக்கித் தின்று வளர்ந்திருக்கக்கூடும்.

போவதற்குப் படலையைத் திறக்க மனம் இல்லையென்றால், நாய் இரவில் போய்வருகிற வேலிப் பொட்டு எங்கே இருக்கிறதென்று உங்களுக்குத் தெரிந்திருக்கும்.