துபாய் மாலில் ஒரு நாள்: 2,000 திர்ஹம் எதற்கென்று பேசினீர்கள்?

கேள்வி: நானும் என் மனைவியும் விடுமுறைக்குத் துபாய் சென்றிருந்தபோது, ஒரு நாள் முழுவதையும் துபாய் மாலில் கழித்தோம். அன்றைக்கு 2,000 திர்ஹம் போதும் என்று முன்கூட்டியே பேசி வைத்திருந்தோம். ஆனால் செலவானது 4,130. மனைவியின் கைப்பை 2,100, என்னுடைய ஹெட்ஃபோன் 1,260, ஒரே கடையில் இரண்டு பில்களாக வாங்கிய வாசனைத் திரவியங்கள் 180 மற்றும் 140, மீன் காட்சியகம், சாப்பாடு, டாக்சி எல்லாம் சேர்த்து 450. அனைத்தையும் ஒரே டாலர் கிரெடிட் கார்டில் கட்டினோம். பாஸ்போர்ட்டுகள் ஓட்டல் அறையில் இருந்தன. கைப்பைதான் கணக்கைக் கெடுத்தது என்று நானும், ஹெட்ஃபோன்தான் என்று அவரும் இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறோம். அடுத்த பயணத்தில் இதைத் தவிர்ப்பது எப்படி? கார்டு பாக்கியைத் தவணைகளாக மாற்றிக்கொள்ளலாமா? பில்களின் படங்களை இணைத்துள்ளேன்.

பதில்: உங்கள் இருவரின் வாதத்தையும் ஒதுக்கி வைத்துவிட்டு, முதலில் பில்களைப் படித்தேன். ஹெட்ஃபோனின் கார்டு சீட்டில் 1,260 திர்ஹம் என்பதற்குக் கீழே 358 டாலர் என்று அச்சாகியிருக்கிறது. கையெழுத்திடும்போது இதை நீங்கள் கவனித்திருக்க வாய்ப்பில்லை. 1997-ஆம் ஆண்டு முதல் ஒரு டாலருக்கு 3.6725 திர்ஹம் என்று ஐக்கிய அரபு அமீரகம் மாற்று விகிதத்தை நிலையாக வைத்திருப்பதால், இதைச் சரிபார்க்க எந்த இணையதளமும் தேவையில்லை: 1,260-ஐ 3.6725-ஆல் வகுத்தால் வருவது 343 டாலர். மீதி 15 டாலர், கடையின் கார்டு இயந்திரம் உங்கள் கார்டின் நாணயத்திலேயே தொகையை மாற்றிக் காட்டியதற்கான விலை. டைனமிக் கரன்சி கன்வர்ஷன் என்று வங்கித் துறையில் சொல்லப்படும் இந்த வசதியில், மாற்று விகிதத்தை நிர்ணயிப்பது உங்கள் வங்கி அல்ல. கடைக்கு இயந்திரம் கொடுத்த தரப்பு. கைப்பைச் சீட்டிலும் இதே கதைதான். 572 டாலராக இருக்க வேண்டியது 597 ஆகியிருக்கிறது. இரண்டிலும் சேர்த்து 40 டாலர், அதாவது ஏறத்தாழ 147 திர்ஹம் போயிற்று. வெளிநாட்டுப் பரிவர்த்தனைக் கட்டணம் இதோடு ஒழிந்தது என்றும் எண்ண வேண்டாம்; கடை வெளிநாட்டில் இருப்பதால் பல வங்கிகள் அதையும் தனியே பிடித்துக்கொள்கின்றன. எந்த நாணயத்தில் கட்டுவது என்று இயந்திரமோ விற்பனையாளரோ கட்டாயம் கேட்டிருக்க வேண்டும். கேட்கவே இல்லை என்று உறுதியாக நினைவிருந்தால், கார்டு வழங்கிய வங்கியில் முறையீடு செய்யுங்கள். கேட்டு, நீங்கள் டாலர் என்று சொல்லியிருந்தால், அதை மறந்துவிடுவதே நல்லது.

அடுத்து வரி. 2018 ஜனவரி முதல் அமீரகத்தில் வாட் எனப்படும் மதிப்புக் கூட்டு வரி 5 சதவீதம். கடையில் எழுதியிருக்கும் விலைக்குள்ளேயே அது அடங்கியிருக்கிறது. உங்கள் கைப்பையின் 2,100-இல் சரியாக 100 திர்ஹம் வரி. சுற்றுலாப் பயணிகளுக்கு அந்த வரியில் 85 சதவீதத்தை, ஒவ்வொரு வரிச்சீட்டுக்கும் (வரியைத் திரும்பப் பெறுவதற்காக வாங்கும்போதே கடையில் பதிவாகும் சீட்டு) 4.80 திர்ஹம் கழித்துக்கொண்டு, திருப்பித் தருகிறார்கள். ஆக, கைப்பைக்கு மட்டும் 80 திர்ஹம் 20 ஃபில்ஸ் கிடைத்திருக்கும்; ஹெட்ஃபோனுக்கு 46.20. இதற்கு இத்திட்டத்தில் சேர்ந்த கடையாக இருக்க வேண்டும், பில் குறைந்தது 250 திர்ஹமாக இருக்க வேண்டும், வாங்கும்போதே பாஸ்போர்ட்டைக் காட்ட வேண்டும், 90 நாட்களுக்குள் பொருளோடு நாட்டைவிட்டுப் புறப்பட வேண்டும், விமான நிலையத்தில் பெட்டியை ஒப்படைக்கும் முன்பே வரிச்சீட்டைச் சரிபார்க்கச் செய்ய வேண்டும். உங்கள் பாஸ்போர்ட்டுகளோ ஓட்டல் அறையில் தூங்கிக்கொண்டிருந்தன. வாசனைத் திரவியத்தில் நடந்தது இன்னும் சிறிய பிழை: 180, 140 என்று இரண்டாகப் பிரிந்ததால் இரண்டுமே வரம்புக்குக் கீழே போய்விட்டன, ஒருவர் பெயரில் 320-க்கு ஒரே பில்லாகப் போட்டிருந்தால் சுமார் 8 திர்ஹம் வந்திருக்கும். வாங்கிய நேரத்தில் வரிச்சீட்டு பதிவாகாததால், ஊர் திரும்பிய பிறகு இந்த 134 திர்ஹத்தைக் கேட்டுப் பெற வழியில்லை.

இவ்வளவையும் கூட்டினாலும் 281 திர்ஹம்தான். நீங்கள் வரம்பைத் தாண்டியதோ 2,130. எனவே இயந்திரத்தையும் வரியையும் குறை சொல்லித் தப்பித்துக்கொள்ள நான் உங்களுக்கு இடம் தரப்போவதில்லை.

பில்களில் அச்சாகியிருக்கும் நேரத்தைப் பாருங்கள். வாசனைத் திரவியம் நண்பகல் 12 மணிக்கு. கைப்பை இரவு 8.40-க்கு, ஹெட்ஃபோன் 9.10-க்கு. மெட்ரோ நிலையத்திலிருந்து மாலுக்குள் வருவதற்கே ஏறத்தாழ 800 மீட்டர் நீளமுள்ள நடைபாலம். உள்ளே 1,200-க்கும் மேற்பட்ட கடைகள், ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு நிமிடம் நின்றாலும் 20 மணி நேரம் ஆகும். கால் ஓய்ந்து, நீரூற்றின் மாலைக் காட்சிகளையும் பார்த்து முடித்து, இத்தனை நடந்தும் ஒன்றும் வாங்காமல் திரும்புவதா என்ற எண்ணம் தலைதூக்கும் வேளையில், அரை மணி நேரத்துக்குள் 3,360 திர்ஹம் செலவாகியிருக்கிறது. முதல் ஒன்பது மணி நேரத்தில் நீங்கள் இருவரும் நன்றாகவே கணக்காக இருந்திருக்கிறீர்கள். அதை யாரும் பாராட்டவில்லை என்பதால் நான் சொல்கிறேன்.

உங்கள் சச்சரவுக்கு வேர் வேறோர் இடத்தில் இருக்கிறது. கைப்பையையும் ஹெட்ஃபோனையும் நீக்கிவிட்டால், அன்றைய பொதுச் செலவு வெறும் 770 திர்ஹம். 2,000 என்று தொகையைப் பேசினீர்களே தவிர, அதற்குள் அவரவர் சொந்த வாங்குதல் அடங்குமா என்பதைப் பேசவில்லை. அவர் அடங்காது என்று எண்ணியிருக்கலாம், நீங்கள் அடங்கும் என்று எண்ணியிருக்கலாம். ஹெட்ஃபோன் வாங்கும்போது நீங்களும் அடங்காது என்றுதான் எண்ணியிருக்கிறீர்கள். அடுத்த முறை மூன்று தொகைகளை எழுதுங்கள்: பொதுவானது ஒன்று, ஆளுக்கொன்றாக இரண்டு. தனித்தொகையில் மற்றவர் கருத்துச் சொல்லும் உரிமை கிடையாது. அது தீர்ந்தால் பொதுத்தொகையிலிருந்து கடன் வாங்கும் உரிமையும் கிடையாது. 500 திர்ஹத்துக்கு மேற்பட்ட எதையும் பகலிலேயே பார்த்து, விலையைக் குறித்துக்கொண்டு, சாப்பிட்டு அமர்ந்த பிறகு முடிவெடுங்கள். பிடித்திருந்தால் திரும்பி நடக்கும் தூரம் பெரிதாகத் தெரியாது.

தவணை பற்றிக் கேட்டிருந்தீர்கள். அவசர கால நிதியைத் தொடாமல் கட்ட முடியுமானால், கெடு தேதிக்குள் முழுத்தொகையையும் கட்டிவிடுங்கள். சேமிப்புக் கணக்கு தரும் வட்டியைவிடக் கார்டு பாக்கியின் வட்டி பல மடங்கு அதிகம். முடியாவிட்டால், குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டி மீதியை இழுத்தடிப்பதைவிடத் தவணை மேல். ஆனால் வட்டியில்லாத் தவணை என்று சொன்னாலும், செயலாக்கக் கட்டணம் உட்பட மொத்தம் எவ்வளவு கட்ட வேண்டியிருக்கும் என்பதை எழுத்தில் வாங்கிக்கொண்ட பிறகே சம்மதியுங்கள். எந்த வழியாயினும், 2,100 அவருடைய பங்கிலிருந்தும், 1,260 உங்கள் பங்கிலிருந்தும், 770 இருவரின் பொதுக்கணக்கிலிருந்தும் போகட்டும்.