ஒன்றையே நினைத்து மருகும் பிள்ளைக்குக் கேள்வித்தாள் கொடுத்து என்ன பயன்?

உங்கள் 16 வயது மகன் எப்போதோ நடந்து முடிந்ததையே நினைத்து மருகுகிறான், டாக்டர் 15 கேள்விகள் உள்ள ஒரு தாளை நிரப்பச் சொல்கிறார், யோசனைக்கெல்லாம் மார்க் போட முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் மனநலம் படித்தவள் இல்லை. மும்பை செம்பூரில் இருக்கும் ஒரு அம்மா. போன வருடம் என் 17 வயது மகளுக்கும் அப்படி ஒரு தாள் கொடுத்தார்கள். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

அவளுக்கு வடாலாவில் ஜூனியர் காலேஜ். ஹார்பர் லைன் ரயிலில் வர வேண்டும். ஒரே வாரத்தில் இரண்டு தடவை செம்பூரில் இறங்காமல் மான்குர்த் வரை போய்விட்டாள். தூங்கவும் இல்லை, போனும் பார்க்கவில்லை. "ஏதோ யோசிச்சிட்டு இருந்தேன்மா" என்றாள். என்ன யோசனை என்றால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். ராத்திரி 2 மணிக்கும் அவள் அறையில் விளக்கு எரியும். "நடந்தது நடந்துபோச்சு, விடும்மா" என்று நானும் தினம் சொன்னேன். என்ன நடந்தது என்றே தெரியாமல்!

என் மாமியாருக்குத் திருநெல்வேலிப் பக்கம். அவர் ஒரு நாள், "செக்குமாடு மாதிரில்லா சுத்துதா. செக்கு சுத்துனா எண்ணெயாவது வரும்" என்றார். அப்போது எனக்குக் கோபம்தான் வந்தது.

கடைசியில் சயானில் ஒரு சைக்காலஜிஸ்டிடம் போனோம். மராட்டிக்காரர், என் அம்மா வயது இருக்கும். முதலில் இரண்டு தாள் கொடுத்தார். மனச்சோர்வுக்கு பி.ஹெச்.க்யூ-9, பதற்றத்துக்கு ஜி.ஏ.டி-7. இரண்டும் கடந்த 2 வாரத்தில் எப்படி இருந்தது என்று கேட்பவை. மகள் கிளிப்போர்டை மடியில் வைத்துக்கொண்டு பென்சிலைக் கடித்தபடி, "இதை அம்மா பார்ப்பாங்களா?" என்றாள். பார்க்க மாட்டேன் என்று சொல்லி நான் வெளியே போய் உட்கார்ந்தேன்.

மூன்றாவதுதான் நீங்கள் சொல்லும் மாதிரித் தாள். பி.டி.க்யூ. என்பார்கள், விடாமல் திரும்பத் திரும்ப வரும் எண்ணத்தை அளக்கும் தாள். தாமஸ் எரிங் என்ற உளவியல் ஆய்வாளரும் சகாக்களும் 2011-இல் வெளியிட்டது. 15 வாக்கியங்கள், ஒவ்வொன்றுக்கும் 'ஒருபோதும் இல்லை' என்றால் 0, 'கிட்டத்தட்ட எப்போதும்' என்றால் 4. மொத்தம் 60. அதை முடித்துவிட்டு வெளியே வந்தவள் சொன்ன முதல் வார்த்தை: "என்ன விஷயம்னே இதுல கேக்கலம்மா!"

எனக்கு அந்த இடத்தில்தான் சுரீர் என்றது. நாங்கள் எல்லோரும், நான், அவள் அப்பா, ஸ்கூல் தோழிகள், மாதக்கணக்காக அவளிடம் கேட்டது 'என்ன' என்ற ஒன்றைத்தான். அந்தத் தாள் அதைத் தொடவே இல்லை. எண்ணம் எதைப் பற்றியது என்பதை விட்டுவிட்டு, அது எப்படி நடந்துகொள்கிறது என்று மட்டும் கேட்கிறது. அதே எண்ணம் திரும்பத் திரும்ப வருகிறதா? கூப்பிடாமலே வருகிறதா? வந்தால் விலக்க முடிகிறதா? அதனால் ஏதாவது பயன் உண்டா? வேறு வேலையே ஓடாதபடி கவனத்தை எல்லாம் அதுவே எடுத்துக்கொள்கிறதா? கடைசிக் கேள்வி மான்குர்த் ஸ்டேஷன்தான். அதற்கு முந்தினது மாமியாரின் செக்கு. வீட்டுக்கு வந்து அவரிடம் சொன்னேன், "நாந்தான் அன்னைக்கே சொன்னேனே" என்றார்.

இப்படி ஏன் கேட்கிறார்கள் என்று அடுத்த தடவை சைக்காலஜிஸ்டிடம் கேட்டேன். நடந்ததை நினைத்துக் குமைவதற்கு ஒரு தாள், நடக்கப்போவதை நினைத்துக் கவலைப்படுவதற்கு ஒரு தாள் என்று தனித்தனியாக முன்பே இருந்தன. கவலைக்கு 1990-இல் வந்த பென் ஸ்டேட் தாள், 16 கேள்வி. குமைவதற்கு சூசன் நோலன்-ஹோக்ஸிமா என்ற அமெரிக்க ஆய்வாளர் உருவாக்கியது, 22 கேள்வி. அந்த 22-இல் பாதிக்கு மேல் மனச்சோர்வின் அறிகுறிகளையே வேறு வார்த்தையில் கேட்பது போல இருந்ததால், 2003-இல் 12-ஐ நீக்கிவிட்டுப் பார்த்தார்கள். மிஞ்சிய பத்தில் ஐந்து வெறும் மனப்புழுக்கம், ஐந்து நிதானமாக யோசித்துப் பார்ப்பது. இரண்டும் ஒன்றில்லை என்பது எனக்குப் புதுச் செய்தி. ஆனால் பிள்ளைகள் நேற்றையும் நாளையையும் பிரித்து வைத்துக்கொண்டு கவலைப்படுவதில்லையே. பகலில் ஒன்று, ராத்திரியில் இன்னொன்று, சுற்றும் விதம் ஒரே மாதிரி. அந்தச் சுற்றலைத்தான் 15 கேள்வித் தாள் பிடிக்கிறது.

இதை அளப்பதில் அர்த்தம் இருக்கிறதா என்றால், அதே நோலன்-ஹோக்ஸிமா விஷயத்தில் ஒரு கதை உண்டு. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக மாணவர்களிடம் இப்படி ஒரு தாளை நிரப்பி வாங்கியிருந்தார்கள். சுமார் 2 வாரத்தில், 1989 அக்டோபர் 17 அன்று, கலிஃபோர்னியாவில் பெரிய நிலநடுக்கம். பிறகு அதே மாணவர்களைத் திரும்பப் பார்த்தபோது, முன்பே உள்ளுக்குள் குமையும் பழக்கம் இருந்தவர்களுக்குத்தான் 7 வாரம் கழித்தும் சோர்வு அதிகம். நிலம் எல்லோருக்கும்தானே ஆடியது.

அளப்பதில் குறையும் இருக்கிறது. என் மகள் ஞாயிறு ராத்திரி நிரப்பினால் ஒரு எண், புதன் மதியம் நிரப்பினால் வேறு எண். அதனால் ஒவ்வொரு முறையும் அதே கிழமை, அதே நேரம் என்று வைத்தார்கள். இதில் பாஸ் மார்க், ஃபெயில் மார்க் கிடையாது. அவளுக்கு முதலில் 47. ஆசைக்கு நானும் ஒரு நாள் சமையலறையில் உட்கார்ந்து நிரப்பிப் பார்த்தேன், 34! சைக்காலஜிஸ்ட் சிரித்துவிட்டு, அடுத்த வீட்டு எண்ணோடு ஒப்பிட வேண்டாம், அவளுடைய பழைய எண்ணோடு மட்டும் பாருங்கள் என்றார்.

இன்னொன்று. உங்கள் மகனுக்குத் தமிழில் விளக்கிச் சொல்லப்போகிறீர்கள் என்றால் 'அசைபோடுவது' என்ற வார்த்தை வேண்டாம். 'ரூமினேஷன்' என்ற ஆங்கிலச் சொல்லும் மாடு அசைபோடுவதிலிருந்து வந்ததுதான், ஆனால் நம் மொழியில் பழைய நினைவுகளை அசைபோடுவது சுகமான காரியம். நான் அப்படிச் சொன்னபோது, "அப்போ எனக்கு ஜீரோ போடு" என்றாள் மகள். 'மண்டைக்குள்ள அதுவே ஓடுது' என்றால் எந்தப் பிள்ளைக்கும் புரியும்.

6 வாரத்தில் 47 என்பது 39 ஆனது. மருந்து இல்லை, வாரம் ஒரு முறை பேச்சுதான். 'ஏன் எனக்கு மட்டும் இப்படி' என்று தொடங்கும் கேள்வியைப் பிடித்து, 'அன்று சரியாக என்ன நடந்தது, அடுத்து என்ன செய்யலாம்' என்று மாற்றப் பழக்கினார்கள். எண் குறைந்ததைவிட, அவள் ஒரு கேள்விக்கு 4 போட்டு, அழித்து, 3 போட்டிருந்த தடம் தாளில் தெரிந்ததுதான் எனக்குப் பெரிதாகப் பட்டது. அவளே காட்டினாள்.

உங்கள் மகன் பி.ஹெச்.க்யூ-9 நிரப்பினால் ஒன்பதாவது கேள்வியை மட்டும் டாக்டர் உடனே பார்த்தாரா என்று கேளுங்கள். அது உயிரை விடுவது, தன்னைக் காயப்படுத்திக்கொள்வது பற்றியது. அதில் 0 தவிர வேறு எது இருந்தாலும் அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்காதீர்கள். நடு ராத்திரி என்றால் 14416, அரசின் டெலி-மானஸ் மனநல உதவி எண், இலவசம், தமிழிலும் பேசலாம்.

அந்த 'என்ன விஷயம்' எனக்கு இன்றுவரை தெரியாது. கேட்பதையும் விட்டுவிட்டேன். போன வாரம் மறுபடியும் மான்குர்த் போய்விட்டாள். எனக்கு வயிற்றைக் கலக்கியது. ரீல்ஸ் பார்த்துக்கொண்டிருந்தாளாம்.