பஸ் இரண்டாகத் தெரிகிறது, கண்ணாடி மாற்றினால் போதுமா?

கேள்வி: எனக்கு 54 வயது, தண்டையார்பேட்டையில் ஆட்டோ ஓட்டுகிறேன். பத்து வருடமாகச் சர்க்கரை. ஐந்து நாளாக இடது பக்கம் பார்த்தால் எதிரில் வரும் பஸ் பக்கத்துப் பக்கத்தில் இரண்டாகத் தெரிகிறது. எந்தக் கண்ணை மூடினாலும் சரியாகிவிடுகிறது. கண்ணாடி மாற்றினால் போதுமா?

பதில்: முதலில் ஆட்டோவை ஓரம் கட்டுங்கள். எண்ணூர் ரோட்டில் அத்தனை கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே, தெரிகிற இரண்டில் எது நிஜ லாரி என்று யோசித்துக்கொண்டு ஓட்ட முடியாது.

கண்ணாடியால் இது சரியாகாது. ஒரு கண்ணை மூடியதும் இரட்டை மறைகிறது என்றால், கண்கள் தனித்தனியே நன்றாகத்தான் பார்க்கின்றன, இரண்டும் ஒரே இடத்தைப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

ஒவ்வொரு கண்ணையும் திருப்ப ஆறு தசைகள், அவற்றுக்கு மூளையிலிருந்து மூன்று நரம்புகள். மூளை நரம்புகளை வரிசை எண் போட்டுச் சொல்வார்கள், அதில் இவை மூன்றாவது, நான்காவது, ஆறாவது. மூன்றாவது நரம்பு நான்கு தசைகளையும் மேல் இமையையும் பார்த்துக்கொள்கிறது. நான்காவதுக்கு ஒரு தசை, ஆறாவதுக்கு ஒன்று. அந்த ஆறாவதுதான் கண்ணைக் காதுப் பக்கம் இழுப்பது. நீங்கள் இடது பக்கம் பார்க்கும்போது இடது கண்ணை ஆறாவது நரம்பு வெளியே இழுக்க, வலது கண்ணை மூன்றாவது நரம்பு மூக்குப் பக்கம் இழுக்க வேண்டும், அதுவும் ஒரே நேரத்தில். பஸ்ஸின் முன்சக்கரம் இரண்டும் சேர்ந்து திரும்ப நடுவில் ஒரு ராடு இருக்கிறதே, அதுபோல மூளைத்தண்டில் ஒரு நரம்பிழை இந்த இரண்டையும் இணைக்கிறது. நீங்கள் சொல்வதைப் பார்த்தால் ராடில் பழுது என்பதைவிட, இடது சக்கரம், அதாவது இடது கண், முழுசாகத் திரும்பவில்லை என்றுதான் தோன்றுகிறது.

சர்க்கரையும் பிரஷரும் உள்ளவர்களுக்கு, நரம்புக்கு ரத்தம் கொண்டுபோகும் நுண்குழாய் அடைபட்டு இப்படி ஆவது உண்டு. அப்படியானால் பெரும்பாலும் மூன்று மாதத்துக்குள், சிலருக்கு ஆறு மாதத்தில், தானாகவே தேறிவிடும். ஆனால் அதுதான் காரணமா என்று நேரில் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும், அதனால் நாளைக்கே ஸ்டான்லிக்கோ எழும்பூர் கண் ஆஸ்பத்திரிக்கோ போங்கள். சர்க்கரை, மூன்று மாதச் சராசரி, பிரஷர் எல்லாம் பார்ப்பார்கள், தேவைப்பட்டால் ஸ்கேன் எடுப்பார்கள். மெடிக்கலில் கேட்டு ஸ்டீராய்டு மாத்திரை மட்டும் வாங்கிப் போடாதீர்கள், சர்க்கரை எகிறிவிடும்.

இமை தொங்கினாலோ, ஒரு கண்ணின் பாப்பா பெரிதானாலோ, தாங்க முடியாத தலைவலி வந்தாலோ, பேச்சு குழறினாலோ, அது நடுராத்திரியாக இருந்தாலும் எமர்ஜென்சிக்குப் போய்விடுங்கள். பாப்பாவைச் சுருக்கும் இழைகள் மூன்றாவது நரம்பின் மேற்பரப்பில் ஓடுகின்றன, மூளையில் ரத்தக்குழாய் வீங்கி அழுத்தினால் பெரும்பாலும் அவைதான் முதலில் அடிபடும்.

வீட்டில் நடமாட ஒரு கண்ணை மூடிக்கொள்ளலாம், மாடிப்படி இறங்கும்போது மட்டும் கைப்பிடியை விடாதீர்கள். வண்டி நின்றால் வீட்டில் எவ்வளவு கஷ்டம் என்று தெரியும். இருந்தாலும் டாக்டர் சரி என்று சொல்லும்வரை வேறு ஒருவரை ஓட்டச் சொல்லுங்கள்.