ஒரே நாளில் ஐந்து நடுகற்கள்

அன்புள்ள ஐயா,

ஊருக்காகவும் மாட்டு மந்தைக்காகவும் பொருது இறந்த வீரர்களுக்கு நட்ட நடுகற்களைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு, நண்பர்கள் நால்வர் சென்ற வாரம் காரில் செங்கம் பக்கம் போய்வந்தோம். யாரோ மேப்பில் குறித்து வைத்திருந்ததைக் கொண்டு ஒரே நாளில் ஐந்து கற்களைப் பார்த்துவிட்டோம். இரண்டில் எழுத்து தெளிவாக இல்லை. சாக்பீஸ் தூளைப் பூசிப் படம் எடுத்தோம். ஒன்றில் ஊர்க்காரர்கள் மஞ்சளும் குங்குமமும் எண்ணெயும் அப்பிப் பாழாக்கி வைத்திருந்தது வருத்தமாக இருந்தது. எங்கும் ஒரு போர்டுகூட இல்லை. உண்மையைச் சொன்னால், நேரில் பார்த்தபோது பெரிதாக ஒன்றும் தோன்றவில்லை. அடுத்து ஜவ்வாது மலைக்குப் போய்க் கற்திட்டைகளை, பலகைக்கற்களால் ஆன அந்தப் பழங்கால ஈமச்சின்னங்களைப் பார்க்க எண்ணம். எந்த மாதம் போகலாம்? நல்ல மலைப்பாதைகள் எவை? உங்களிடம் இடங்களின் லொகேஷன் இருந்தால் அனுப்ப முடியுமா?

கா.

அன்புள்ள கா.,

விடுமுறை நாளில் நான்கு இளைஞர்கள் நடுகல்லைத் தேடிப் புறப்பட்டிருக்கிறீர்கள். அதற்காக என் அன்பு. இனி வருவதில் கொஞ்சம் திட்டும் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சின்னக் கேள்விகளை முதலில் முடித்துவிடுகிறேன். ஜவ்வாது மலைக்குத் தை மாதம் நல்லது. மழை ஓய்ந்திருக்கும், ஓடைகளில் தண்ணீர் மிச்சமிருக்கும். மாசி பாதிக்கு மேல் காடு காய்ந்துவிடும். 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீயில் மலையேறப் போனவர்கள் சிக்கி இறந்ததை மலையேறுகிற யாரும் மறக்கக் கூடாது. காப்புக்காட்டுக்குள் வனத்துறை அனுமதியில்லாமல் நுழையாதீர்கள். 2024இல் அரசு தொடங்கிய மலையேற்றத் திட்டத்தில் தமிழகம் முழுக்க 40 பாதைகள் இருக்கின்றன, வழிகாட்டியோடு போகலாம். லொகேஷன் அனுப்ப மாட்டேன். கற்திட்டைக்குள் புதையல் இருக்கிறது என்று நம்பிப் பலகைக்கல்லைப் புரட்டிப்போடுகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அவர்களுக்கும் இணையம் இருக்கிறது.

சாக்பீஸ். இனி ஒருபோதும் அதைச் செய்யாதீர்கள். ஆயிரத்து நானூறு வருட வெயிலும் மழையும் தின்றதுபோக மிஞ்சியிருப்பது மெல்லிய கீறல்தான். தேய்க்கத் தேய்க்க அதன் விளிம்பு போகும், தூள் கல்லின் நுண்துளைகளில் போய் உட்காரும். அதைவிடக் கேடு ஒன்று உண்டு. எந்தக் கோட்டை எழுத்து என்று நீங்கள் நினைக்கிறீர்களோ, அதன்மேல்தான் சாக்பீஸை ஓட்டுவீர்கள். அப்புறம் படத்தைப் பார்க்கிறவர் கல்லைப் படிக்க மாட்டார், உங்கள் ஊகத்தைத்தான் படிப்பார். செங்கம் பகுதியின் பழைய நடுகற்கள் வட்டெழுத்தில், அதாவது தமிழை எழுதிய பழைய எழுத்து வடிவில் இருப்பவை. உங்கள் நால்வரில் யாருக்காவது வட்டெழுத்து தெரியுமா? எழுத்து தெரியவேண்டும் என்றால் காலை ஏழு மணிக்கு முன்போ, பொழுது சாயும்போதோ போங்கள். சாய்ந்த வெளிச்சம் விழுந்தால் கீறலெல்லாம் தானே எழும்பி வரும். இல்லையென்றால் நிழலில் ஒருவர் டார்ச்சைப் பக்கவாட்டில் பிடிக்கட்டும். கல்லைத் தொடவே வேண்டாம்.

போர்டு இல்லை என்கிறீர்கள். தமிழ்நாடு தொல்லியல் துறை 1972லேயே ‘செங்கம் நடுகற்கள்’ என்று ஒரு நூல் கொண்டுவந்தது. கிளம்புமுன் அதைப் புரட்டினீர்களா?

மஞ்சள் குங்குமத்தைப் பற்றி நீங்கள் எழுதிய வரிதான் எனக்கு வலித்தது. அந்த ஊர்க்காரர்களுக்கு அது வேடியப்பன். திருவண்ணாமலை, தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கமெல்லாம் வில்லும் வாளுமாக நிற்கும் வீரன் வேடியப்பன் ஆகிவிட்டான். சாமி ஆனதால்தான் அந்தக் கல் நிற்கிறது. யாரும் கும்பிடாத கற்கள் துவைகல்லாகவும் மதகுக்குப் பலகையாகவும் போயிருக்கின்றன. எண்ணெய் எழுத்தை மறைக்கும், உண்மைதான். ஆனால் அதைப் பூசியவர் அங்கேயே வாழ்கிறவர். பத்து நிமிடம் நின்றுவிட்டுப் போன உங்களுக்கு அவரைப் பழிக்க உரிமை இல்லை.

சரி, உங்கள் கடிதத்துக்குப் பதில் எழுத வைத்த வரிக்கு வருகிறேன். ‘பெரிதாக ஒன்றும் தோன்றவில்லை.’ இதை மறைக்காமல் எழுதினீர்கள் பாருங்கள், அதற்காகவே உங்களைப் பிடித்துப்போயிற்று. ஏன் தோன்றவில்லை என்பதைத்தான் கொஞ்ச நாளாக நானும் நினைத்துக்கொண்டிருக்கிறேன். கார் போய் நின்ற இடத்தில் இறங்கிப் பார்த்தால் எந்த நடுகல்லும் மார்பளவுப் பலகைக்கல்தான். ஒருவன் வில்லோடு நிற்பான், பக்கத்தில் நாலு வரி இருக்கும். அவ்வளவுதான் தெரியும். அந்தக் கல்லை நட்டவர்கள் அதைப் பார்க்க வந்தவர்களுக்காக நடவில்லை. அந்த வழியாகப் போகிறவர்களுக்காக நட்டார்கள். வழியை விட்டுவிட்டுக் கல்லை மட்டும் பார்த்தால் ஒன்றும் தோன்றாது.

நீங்கள் போய்வந்த நிலத்துக்கே ஒரு வழிகாட்டி இருக்கிறது, மலைபடுகடாம் என்ற சங்கப் பாட்டு. செங்கத்து அரசன் நன்னனிடம் பரிசு பெற்றுத் திரும்பும் கூத்தன் ஒருவன், எதிரே வரும் கூத்தர்களுக்கு மலைவழி சொல்கிறான். 583 அடிகளில் பெரும்பகுதி பாதைதான். பன்றிக்குப் பொறி வைத்திருப்பார்கள், இருட்டில் நடக்காதீர்கள், விடிந்தபின் போங்கள் என்கிறான். வழுக்கும் இடம் எது, பாம்பு இருக்கும் குழி எது என்கிறான். வழிகள் பிரியும் இடங்களில் பெயர் எழுதி நட்ட கற்கள் நிறைய இருக்கும், அவற்றின் முன் பாடி, இசைத்துவிட்டுப் போங்கள் என்கிறான். அதை ஒட்டியே இன்னொன்றும் சொல்கிறான்: நீங்கள் ஊருக்குப் புதியவர்கள், வழி பிரியும் சந்தியைத் துடைத்துவிட்டுப் புல்லை முடிந்து வைத்துப் போங்கள். பின்னால் வருகிறவனுக்கு அடையாளம் வேண்டுமல்லவா? நடுகல்லும் புல்முடிச்சும் அங்கே பக்கத்துப் பக்கத்தில் வருகின்றன. இரண்டும் ஒரே வழியைச் சேர்ந்தவை. மலைபடுகடாத்தைப் படித்தவர்கள்கூட இதைப் பொருட்படுத்தாமல் கடந்துவிடுகிறார்கள். எனக்கு அது ஆறவே இல்லை.

செங்கத்துக்குத் தெற்கே ஒரு கிராமத்தில், வெகுகாலம் முன்பு, மாடு ஓட்டிக்கொண்டிருந்த ஒரு பாட்டியிடம் வழி கேட்டேன். “வேடியப்பனா? நானும் அந்தாண்டதான் போறேன், வா” என்றார். ஒரு மணி நேரத்துக்கு மேல் நடை. பாட்டி கல்லைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை, வழியைப் பற்றித்தான் பேசினார். இந்த ஓடையில் சித்திரையிலும் தண்ணி நிற்கும், மாடு இங்கேதான் குடிக்கும். இந்தக் கரடு ஏறினால் மழை வருவது தெரியும். அவருடைய மாமியார் காலத்தில் இந்தப் புதரில் சிறுத்தை கன்றுக்குட்டியைத் தூக்கிவிட்டது. அப்புறம் இரண்டு பாறைச்சரிவுகள் நெருங்கிவந்து, நடுவே மாடுகள் ஒன்றன்பின் ஒன்றாகத்தான் போகமுடியும் என்ற அளவுக்கு வழி குறுகியது. அதைத் தாண்டினால் கல். முகம் வழியைப் பார்த்து நின்றது.

ஒரு வரி படிக்குமுன்பே எனக்குப் புரிந்துவிட்டது. மந்தையைக் கவர்ந்து ஓட்டிக்கொண்டு ஓடுகிறவன் இந்த இடுக்கில் வேகம் குறைத்தே ஆகவேண்டும். மீட்க வந்தவன் அவனை மறிக்க வேறு இடம் இல்லை. இங்கேதான் சண்டை நடந்திருக்கும், இங்கேதான் விழுந்திருப்பான். பாட்டி செருப்பைக் கழற்றிவிட்டு, ஒரு கொத்து ஆவாரம்பூவை வைத்துவிட்டு, மாடுகளோடு மேலே போய்விட்டார். நான் அங்கேயே நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன். வண்டியில் வந்து இறங்கியிருந்தால் அந்த இடுக்கை நான் கவனித்திருக்கவே மாட்டேன்.

எடுத்தனூர் நடுகல்லைப் பற்றிப் படித்திருப்பீர்கள். மகேந்திரவர்மப் பல்லவனின் 34ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. கருந்தேவகத்தி என்ற வீரன் தன் எருமைகளுக்காகப் பொருது இறந்தான். கோவிவன் என்னும் அவனுடைய நாய் இரண்டு கள்வரைக் கடித்துக் காத்து நின்றது என்று அதில் எழுதியிருக்கிறது. நாய்க்கும் பெயர் எழுதியிருக்கிறார்கள் என்று எல்லோரும் வியக்கிறார்கள். வியக்கட்டும். நான் கேட்பது வேறு. எருமைகள் எந்தக் குட்டையில் கிடந்தன? கள்வர் எந்தப் பக்கமிருந்து வந்திருப்பார்கள்? அந்த ஊரைச் சுற்றி ஒரு நாள் முழுக்க நடந்தவர் மட்டும்தான் இப்படிக் கேட்கமுடியும். அது தெரியாமல் கோவிவனைப் பாராட்டுவது வெறும் துணுக்கு ரசிப்புதான்.

ஆகவே ஜவ்வாது மலையை அப்புறம் பார்க்கலாம். அந்த ஐந்து கற்களில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து மறுபடி போங்கள். மஞ்சள் பூசியிருந்ததே, அதற்கே போங்கள். காரை ஊரிலேயே நிறுத்திவிட்டு, டீக்கடையில் உட்கார்ந்து, வேடியப்பனுக்கு எப்போது பொங்கல் வைப்பார்கள் என்று கேளுங்கள். யாராவது கூட வருவார். வண்டிப்பாதை வேண்டாம், மாடு போகும் தடத்தில் கூட்டிப்போகச் சொல்லுங்கள். அவர் பேசுகிறபோது குறுக்கே பேசாதீர்கள். போய்வந்து எனக்கு எழுதுங்கள். யார் வழி காட்டினார், எந்த ஓடையில் தண்ணீர் இருந்தது, கல் எந்தத் திசையைப் பார்த்து நின்றது என்று எழுதுங்கள். படம் அனுப்ப வேண்டாம்.