ஆங்கில எழுத்துக் கட்டைகளைப் பலகையில் அடுக்கிச் சொல் அமைக்கும் ஸ்கிராபிள் ஆட்டத்தில், கலைந்து கிடக்கும் எழுத்துகளிலிருந்து அதிகப் புள்ளி தரும் சொல்லைச் சட்டென்று பிடிப்பது எப்படி?

க்யூவும் இசட்டும் கைக்கு வந்தால்தான் புள்ளி என்று பலர் காத்துக் கிடக்கிறார்கள். இரண்டுக்கும் தலா 10 புள்ளி, ஆசை நியாயம்தான். ஆனால் ‘க்விஸ்’ என்று இரண்டையும் சேர்த்து இறக்கினாலும், கட்டங்களின் போனஸை விட்டுவிட்டால், 22தான் தேறும். ‘பெயின்டர்’ போட்டுப் பாருங்கள். பி எழுத்துக்கு 3, மற்ற ஆறுக்கும் தலா ஒன்று, ஆக 9. கையிலுள்ள ஏழு கட்டைகளையும் ஒரே முறையில் இறக்கியதற்கு 50 சேர்ந்தால் 59! ஒற்றைப் புள்ளி எழுத்துகளுக்குத்தான் மதிப்பு அதிகம் என்பது என் கட்சி.

அதனால் நான் சொல்லைத் தேடுவதைவிட நல்ல ஆறு எழுத்துகளைச் சேர்ப்பதில்தான் குறியாக இருப்பேன். ‘ரெட்டினா’வின் ஆறு எழுத்துகள் கையில் இருக்கின்றன என்று வையுங்கள். ஏழாவதாக ஜி வந்தால் ‘கிரானைட்’, சி வந்தால் ‘சர்ட்டன்’, எம் வந்தால் ‘மினரெட்’, கே வந்தால் ‘கெரட்டின்’. எஸ் வந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். ‘ரிட்டெய்ன்ஸ்’, ‘நாஸ்டியர்’ என்று ஒரு வரிசையே நிற்கும்.

இவற்றை மனத்தில் பதிக்க, எழுத்துகளை அகரவரிசையில் அடுக்கிப் படிப்பது கைகொடுக்கும். கட்டைகளையும் அதே வரிசையில் வைத்தால் பழகிய கூட்டம் உடனே கண்ணில் படும். அப்படியும் பிடிபடவில்லையா? ஐஎன்ஜி, இஆர் போன்ற விகுதிகளை வலது ஓரத்துக்குத் தள்ளிவிட்டு மிச்சத்தை மட்டும் மாற்றி மாற்றிப் பாருங்கள்.

ஆங்கிலப் புலமை போதாது என்ற கவலையும் வேண்டாம். நியூசிலாந்துக்காரர் நைஜல் ரிச்சர்ட்ஸ், பிரெஞ்சு பேசத் தெரியாமலேயே 2015இல் பிரெஞ்சு ஸ்கிராபிள் உலகப் பட்டத்தை வென்றார். பொருள் தெரியாவிட்டாலும் எழுத்துக்கூட்டு தெரிந்தால் போதும். (அந்த மனிதரின் நினைவாற்றல் நமக்கு வராது, அது வேறு கதை.)

க்யூவை நான் ஒதுக்கச் சொல்லவில்லை. ‘சீ’ என்று ஒலிக்கும் சீனச் சொல் ஒன்று உண்டு. க்யூ, ஐ, இரண்டே எழுத்து. எழுத்துக்கு மும்மடங்கு தரும் கட்டத்தில் க்யூவை வைத்து, அதே சொல் குறுக்கிலும் நெடுக்கிலும் அமையும்படி செய்தால் 31ம் 31ம் சேர்ந்து 62. பலகையில் ஏற்கெனவே ஓர் ஐ சரியான இடத்தில் இருந்தால், கையிலிருந்து செலவாவது இரண்டே கட்டைகள். எஸ் விஷயத்தில் மட்டும் நான் கஞ்சன். மொத்தமே நான்குதான் இருக்கின்றன. எட்டுப் பத்துப் புள்ளியாவது கூடுதலாகக் கிடைக்காமல் இறக்க மாட்டேன்.

எழுத்துகளை மாற்றியடுக்கிச் சொல் (அனகிராம்) தேடித் தரும் தளங்களை ஆட்டத்தின் நடுவே திறப்பது வெறும் திருட்டு. ஆட்டம் முடிந்தபின் திறந்து, எந்த ஏழெழுத்துச் சொல்லைக் கோட்டைவிட்டீர்கள் என்று பாருங்கள். ஆனால் ஆட்டத்தில் செல்லுபடியாகும் சொற்களுக்கான வட அமெரிக்கப் பட்டியலும் காலின்ஸ் அகராதிப் பட்டியலும் ஒன்றல்ல. நீங்கள் விளையாடுவது எதில் என்று பார்த்து, தளத்திலும் அதையே தேர்ந்தெடுங்கள்.