மருத்துவக் காப்பீடும் கட்டாயமும் – கடிதம்

மதிப்பிற்குரிய எழுத்தாளர் அவர்களுக்கு,

வணக்கம். நான் திருமங்கலம் பக்கத்தில் அரசுப் பள்ளித் தலைமையாசிரியராக இருந்து ஓய்வுபெற்றவன். என் ஓய்வூதியத்தில் மாதந்தோறும் மருத்துவக் காப்பீட்டுக்கென்று 497 ரூபாய் பிடித்தம் செய்கிறார்கள். வேண்டுமா என்று யாரும் என்னைக் கேட்கவில்லை. வேண்டாம் என்று எழுதிக் கொடுக்கவும் வழியில்லை. மருத்துவப்படி என்று 300 ரூபாயைக் கொடுத்துவிட்டு, காப்பீடு என்று 497 ரூபாயை எடுத்துக்கொள்கிறார்கள் என்று நாங்கள் எங்களுக்குள் பேசிச் சிரித்துக்கொள்வதுண்டு.

சென்ற ஆண்டு வரை இந்தப் பணத்தில் ஒரு பைசாகூட எங்களுக்குத் திரும்பி வந்ததில்லை. அதன்பின் என் மனைவிக்கு இதயத்தில் அடைப்பு ஏற்பட்டு, மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்த்தோம். காப்பீட்டுத் திட்டப் பட்டியலில் உள்ள மருத்துவமனைதான். சேர்க்கும்போது அட்டையை வாங்கிப் பார்த்து எல்லாம் சரி என்றார்கள். வீட்டுக்கு அனுப்பும் நாளில், "காப்பீட்டில் இவ்வளவுதான் அனுமதி வந்திருக்கிறது, மீதியைக் கட்டுங்கள்" என்று ஒரு லட்சத்துக்கும் மேல் கேட்டார்கள். மகளின் நகையை அடகு வைத்துத்தான் கட்டினேன்.

அமெரிக்காவில் இருக்கும் என் மருமகன், அங்கேயே காப்பீடு வாங்க வேண்டும் என்ற கட்டாயத்தை எடுத்துவிட்டார்கள், ஒன்றும் குடிமுழுகிப் போய்விடவில்லை என்கிறார். "உடம்புக்கு நல்லது என்பதற்காகக் காய்கறி வாங்கச் சொல்லியும் சட்டம் போடுவீர்களா" என்று அந்நாட்டு நீதிபதி ஒருவரே கேட்டாராம். எங்கள் பகுதி ஓய்வூதியர்கள் சிலர், "விருப்பமுள்ளவர்களிடம் மட்டும் பிடித்தம் செய்க" என்று அரசுக்கு ஒரு மனு எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டிருக்கிறார்கள். போடலாமா? தங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன். என் பெயரை வெளியிட வேண்டாம்.

அன்புடன்,
ஒரு வாசகர், திருமங்கலம்

*

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். தங்கள் துணைவியார் நலமடைந்திருப்பார் என்று நம்புகிறேன். கேட்ட கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். மனுவில் இப்போதிருக்கும் அந்த வாசகத்துக்குக் கீழே தாங்கள் கையெழுத்திட வேண்டாம் என்பதே என் கருத்து. தங்கள் கோபம் முழுக்க நியாயமானது. ஆனால் பணம் பறிபோன இடம் ஒன்று, மனு கைகாட்டும் இடம் வேறொன்று.

இந்தத் திட்டம் தங்களிடம் கேட்காமல் விட்ட ஒரு கேள்வியை நினைத்துப் பாருங்கள். சர்க்கரை உண்டா, இரத்த அழுத்தம் உண்டா, முன்பு எங்காவது அறுவை செய்துகொண்டதுண்டா என்று தங்களையோ துணைவியாரையோ யாரும் கேட்கவில்லை. தனியார் நிறுவனத்தில் பாலிசி எடுக்கப் போனால் இதுதான் முதல் கேள்வி. உண்டு என்று சொன்னால் அந்த நோய்க்கு 36 மாதம் வரை காத்திருக்கச் சொல்ல அவர்களுக்கு விதியே இடம் தருகிறது. 2024க்கு முன்பு அது 48 மாதமாக இருந்தது. வயது ஏற ஏறப் பிரீமியமும் ஏறும். இங்கோ நேற்று ஓய்வுபெற்றவருக்கும் 497 ரூபாய், 85 வயதுப் பெரியவருக்கும் அதே 497 ரூபாய். பழைய நோய்க்கும் முதல் நாளிலிருந்தே பாதுகாப்பு. ஐந்து லட்ச ரூபாய் வரை, குறிப்பிட்ட சில கடும் நோய்களுக்குப் பத்து லட்சம் வரை என்று 2022 ஜூலை முதல் நான்கு ஆண்டுகளுக்குப் போடப்பட்ட ஏற்பாடு இது. ஆண்டுக்கு 5,964 ரூபாய். நான்கு ஆண்டுக்கும் சேர்த்து 23,856 ரூபாய். இதய அடைப்புக்குச் சிகிச்சை பெற்ற ஒருவருக்கு இந்தத் தொகைக்கு இதே பாதுகாப்பைத் தரும் தனியார் பாலிசி எதையும் நான் பார்த்ததில்லை.

அந்தக் கேள்வியைக் கேட்காமல் ஒரு காப்பீட்டை நடத்த முடிவதற்குக் காரணம் அது எல்லாரிடமும் பிடிக்கப்படுவதுதான். விருப்பமுள்ளவர்கள் மட்டும் என்று மாற்றினால் முதலில் யார் விலகுவார்கள்? ரேஸ் கோர்ஸ் மைதானத்தில் காலையில் வேகநடை போகும் அறுபது வயதுக்காரர் விலகுவார். மாதம் இருமுறை மருத்துவரைப் பார்ப்பவர் விலக மாட்டார். ஆரோக்கியமானவர்கள் போன பிறகு மிஞ்சியவர்களுக்கு ஆகும் செலவை ஈடுகட்ட 497 போதாது, தொகையை உயர்த்துவார்கள், உயர்த்தியதும் மிஞ்சியவர்களிலேயே சற்றுத் தெம்பாக இருப்பவர்கள் அடுத்த சுற்றில் விலகுவார்கள். கடைசியில் அந்தத் தொகையைக் கட்ட முடியாத நோயாளிகள் மட்டுமே உள்ளே இருப்பார்கள். அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் 1993 முதல் ஏறத்தாழ இதுதான் நடந்தது. யாரையும் நோயைக் காரணம் காட்டி மறுக்கக்கூடாது, எல்லாருக்கும் ஒரே விலை என்று சட்டம் போட்டார்கள். ஆனால் எல்லாரும் வாங்கியாக வேண்டும் என்று சொல்லவில்லை. இளைஞர்கள் விலகினார்கள், விலை ஏறியது, தனிநபர் காப்பீட்டுச் சந்தை சுருங்கிப்போனது. 2014இல் நாடு முழுவதற்குமான கட்டாயமும் அரசு மானியமும் வந்தபோது அதே மாநிலத்தில் பிரீமியம் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது.

தங்கள் மருமகன் சொல்வது உண்மைதான், ஆனால் பாதி. 2010இல் ஒபாமா கையெழுத்திட்ட சட்டத்தில் காப்பீடு வாங்காதவர்களுக்கு அபராதம் இருந்தது. 2016இல் அது ஒருவருக்கு 695 டாலர் அல்லது வருமானத்தில் இரண்டரை சதவீதம், எது அதிகமோ அது. 2017 டிசம்பரில் நிறைவேறிய வரிச் சட்டம் அந்த அபராதத்தை 2019 முதல் பூஜ்யமாக்கியது. சந்தை சரியும் என்று பலர் எச்சரித்தார்கள், சரியவில்லை. பிரீமியம் ஏறினாலும் வாங்குபவரின் வருமானத்துக்கேற்ப அரசு கொடுக்கும் மானியமும் சேர்ந்து ஏறும்படி அந்தச் சட்டம் அமைந்திருந்தது இதற்கு முக்கியமான காரணம். அதாவது ஒவ்வொருவரிடமும் நேராக வாங்காமல் வரிப்பணத்திலிருந்து எடுத்தார்கள். கட்டாயம் ஒழிந்துவிடவில்லை, வேறு வாசல் வழியாக உள்ளே வந்தது, அவ்வளவே. அப்படியிருந்தும் மாசசூசெட்ஸ், நியூஜெர்சி, கலிபோர்னியா, ரோட் தீவு ஆகிய மாநிலங்களும் தலைநகர் வாஷிங்டனும் தத்தம் எல்லைக்குள் அபராதத்தை வைத்திருக்கின்றன.

காய்கறிக் கேள்வியைக் கேட்டவர் அந்நாட்டு உச்ச நீதிமன்ற நீதிபதி ஆன்டனின் ஸ்காலியா, ஆண்டு 2012, காய் பிராக்கோலி. சாமர்த்தியமான கேள்வி என்பதில் ஐயமில்லை. ஆனால் பிராக்கோலி வாங்காதவர் பசியோடு வந்து நின்றால் அவருக்கு அதைச் சமைத்துப்போட வேண்டிய கடமை எந்தக் கடைக்காரருக்கும் இல்லை. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வருபவரைப் பார்த்தாக வேண்டும் என்று 1986 முதல் அங்குள்ள மருத்துவமனைகளின் அவசரப் பிரிவுகளுக்குச் சட்டம் உண்டு. இங்கே நம் மதுரைப் பெரியாஸ்பத்திரி என்னும் அரசு மருத்துவமனை வாசலில் காப்பீட்டு அட்டை கேட்டு யாரையும் திருப்பி அனுப்புவதில்லை. நோய் வந்தால் செலவை யாரோ ஒருவர் ஏற்கத்தான் போகிறார் என்னும்போது, முன்கூட்டியே பங்கு கொடு என்று கேட்பதைக் கொடுமை என்று என்னால் கொள்ள முடியவில்லை. ஸ்காலியா அந்தக் கேள்வியைக் கேட்டது 2010ஆம் ஆண்டுச் சட்டத்தை எதிர்த்த வழக்கில். அதில் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் சட்டம் பிழைத்தது. வணிகத்தை ஒழுங்குபடுத்தும் அதிகாரத்தின் கீழ் இதை ஏற்க முடியாது, வரி என்ற வகையில் ஏற்கலாம் என்றது தீர்ப்பு.

மனச்சான்றின் பேரில் மறுப்பவர்களை நான் மதிக்கிறேன். அமெரிக்காவின் ஆமிஷ் மக்கள் காப்பீட்டையே சமய நெறிக்கு மாறானதாகக் கருதுபவர்கள். தங்களுக்குள் ஒருவர் செலவை மற்றவர்கள் பகிர்ந்துகொள்வார்கள். 1965 முதல் சமூகப் பாதுகாப்பு வரியிலிருந்து அவர்களுக்கு விலக்கு உண்டு. 2010ஆம் ஆண்டுச் சட்டமும் அந்த விலக்கை மதித்தது. ஆனால் அவர்கள் பலனையும் சேர்த்தே துறக்கிறார்கள். இப்போது வேண்டாம், நோய் வந்த பின் சேர்ந்துகொள்கிறேன் என்று அவர்கள் சொல்வதில்லை. தங்கள் பகுதி மனுவில் அப்படியொரு துறவு தென்படவில்லை.

"ஒரு பைசாகூடத் திரும்பி வந்ததில்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். இது செய்முறைக் கணக்கு, அதாவது மொய்க் கணக்கு. நம் பக்கத்தில், குறிப்பாக உசிலம்பட்டி, பேரையூர்ப் பக்கம், போட்ட செய்முறை நோட்டில் இருக்கும். நம் வீட்டு விசேஷத்தில் அது திரும்பி வந்தாக வேண்டும். வீட்டில் காதுகுத்தோ கல்யாணமோ இல்லாதவர்கள் போட்டதைத் திரும்ப வாங்குவதற்காகவே ஒரு விழா வைத்துப் பத்திரிகை அடிப்பதையும் பார்க்கிறோம். செய்முறையைக் கட்டாயம் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை, ஆனால் போடாமல் ஊருக்குள் தலைநிமிர்ந்து நடந்துவிட முடியுமா? அந்தக் கட்டாயம் நமக்கு உறுத்துவதில்லை, ஏனென்றால் போட்டது நம் பெயரிலேயே நிற்கிறது. காப்பீட்டில் போட்டது யார் பெயரிலும் நிற்காது. தாங்கள் கட்டிய பணம் யாரோ ஒரு சக ஓய்வூதியரின் டயாலிசிஸுக்குப் போயிருக்கும். துணைவியாரின் சிகிச்சைக்கு அனுமதியாகி வந்த தொகையும் அப்படித்தான் வந்தது.

இனி மருத்துவமனை விஷயத்துக்கு வருகிறேன். தங்கள் கடிதத்தில் என்னைக் கோபப்படுத்திய பகுதி அதுதான்.

இந்தத் திட்டத்தின் அரசாணை ரொக்கமில்லாச் சிகிச்சை என்கிறது. ஒவ்வொரு சிகிச்சைக்கும் எல்லாச் செலவும் சேர்த்து ஒரே தொகையாகத் தொகுப்புக் கட்டணம் பேசி, அதற்கு ஒப்புக்கொண்டுதான் மருத்துவமனைகள் பட்டியலில் சேர்கின்றன. பிறகு வீடு திரும்பும் நாளில், ஸ்டென்ட்டுக்குத் தனி, மருந்துக்குத் தனி, அறைக்குத் தனி என்று ஒரு தாள் வருகிறது. டிரிப் ஊசி கழற்றப்பட்டு, மாற்றுப்புடவை கட்டிக்கொண்டு மனைவி கட்டிலில் காத்திருக்கும்போது, எந்தக் கணவர் பில்லிங் கவுன்ட்டரில் நின்று அரசாணை எண்ணைப் பற்றி வாதாடுவார்? அந்த நேரம் பார்த்துத்தான் தாள் வருகிறது. பல இடங்களில் அப்படி வாங்கும் தொகைக்கு முறையான ரசீதும் கிடைப்பதில்லை.

கட்டாயம் பாதியில் நின்றுபோனதுதான் இங்கே கோளாறு. ஓய்வூதியருக்குக் கட்டாயம், கருவூலத்தில் பணம் கைக்கு வரும் முன்பே பிடித்தாகிவிடும். மருத்துவமனைக்கோ எல்லாம் விருப்பம்: கட்டணம் கட்டுபடியானால் ஏற்கும், ஆகாவிட்டால் "அந்த வார்டில் படுக்கை இல்லை" என்னும், அல்லது மீதியை நோயாளியிடம் வாங்கும். இதே மதுரையில் ஆலைத் தொழிலாளர்களும் கட்டாயக் காப்பீட்டில்தான் இருக்கிறார்கள். 1948ஆம் ஆண்டுச் சட்டப்படி ஈ.எஸ்.ஐ. என்னும் தொழிலாளர் காப்பீட்டுத் திட்டத்துக்குத் தொழிலாளியிடம் கூலியில் 0.75 சதவீதமும் முதலாளியிடம் 3.25 சதவீதமும் பிடிக்கிறார்கள். தத்தனேரி ஈ.எஸ்.ஐ. மருத்துவமனையைப் பற்றி ஆயிரம் குறை சொல்லலாம். கூட்டம், காத்திருப்பு, வெளியே எழுதிக் கொடுக்கும் சீட்டு எல்லாம் உண்டு. ஆனால் வீடு திரும்பும் நாளில் மீதி என்று கேட்க அங்கே கவுன்ட்டர் கிடையாது. சந்தாவுக்குப் பதில் சொல்லும் அமைப்பே சிகிச்சைக்கும் பதில் சொல்கிறது.

ஈ.எஸ்.ஐ. திட்டத்தில் இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. பிடித்தம் கூலிக்கேற்பக் கூடும், குறையும். 1883இல் ஜெர்மனி முதன்முதலாகக் கட்டாய மருத்துவக் காப்பீடு கொண்டுவந்தபோதும் கூலியில் பங்கு என்ற முறையில்தான் பிடித்தார்கள். இங்கே இணை இயக்குநராக ஓய்வுபெற்றவருக்கும் 497, அலுவலக உதவியாளராக இருந்து இறந்தவரின் மனைவி வாங்கும் குடும்ப ஓய்வூதியத்திலும் 497. இதை எதிர்த்து ஒரு மனு எழுதினால் எனக்கு மறுப்பில்லை, பெரிய ஓய்வூதியம் வாங்குபவர்கள் அதில் எத்தனை பேர் கையெழுத்திடுவார்கள் என்பதுதான் கேள்வி.

ஆகவே மனுவில் "விருப்பமுள்ளவர்களிடம் மட்டும்" என்ற வரியை அடித்துவிட்டு வேறு சிலவற்றைக் கேளுங்கள். பட்டியலிலுள்ள மருத்துவமனை தொகுப்புக்கு மேல் வாங்கிய பணத்தைக் காப்பீட்டு நிறுவனம் முதலில் ஓய்வூதியருக்குத் திருப்பிக் கொடுத்துவிட்டு, மருத்துவமனைக்குத் தரவேண்டியதில் கழித்துக்கொள்ளட்டும். தொகுப்புக் கட்டணங்களைத் தமிழில் அச்சிட்டு மருத்துவமனை வரவேற்பறையில் ஒட்டட்டும். கட்டணம் உண்மையிலேயே குறைவு என்று மருத்துவமனைகள் சொன்னால் அதை ஒப்பந்தம் போடும் மேசையில் சொல்லட்டும். 2022இல் தொடங்கிய ஒப்பந்தத்தின் காலம் 2026 ஜூன் 30 வரைதான். அடுத்த ஒப்பந்தத்தில் இவை இடம்பெறக் கேட்பது, விலகிக்கொள்கிறோம் என்பதைவிட வலுவான கோரிக்கை. விலகுகிறவரின் குறையைத் தீர்க்க வேண்டிய அவசியம் யாருக்கும் இல்லை.

தாங்கள் கட்டிய பணத்தையும் விட்டுவிட வேண்டாம். மாவட்ட ஆட்சியர் தலைமையில் இதற்கென்றே ஒரு குழு இருக்கிறது. டிஸ்சார்ஜ் சுருக்கம், காப்பீட்டு நிறுவனம் அனுமதித்த தொகையைக் காட்டும் தாள், பணம் கட்டிய ரசீது, ரசீது தராவிட்டால் வங்கிக் கணக்கு அல்லது அடகுக் கடைச் சீட்டின் நகல், இவற்றோடு விண்ணப்பத்தைத் தயாரித்துக்கொண்டு, எந்த மேசையில் கொடுக்க வேண்டும் என்று தங்கள் கருவூலத்தில் கேளுங்கள். பெற்றுக்கொண்டதற்கு முத்திரையோடு ஒப்புதல் வாங்காமல் திரும்பாதீர்கள். மறுத்தால் எழுத்தில் மறுக்கச் சொல்லுங்கள். பட்டியலில் இல்லாத மருத்துவமனையில் சிகிச்சை பெற்றவருக்கே, அந்த ஒரு காரணத்துக்காக மறுக்கக்கூடாது, சிகிச்சை உண்மையாக நடந்ததா என்றுதான் பார்க்க வேண்டும் என்று 2018 ஏப்ரலில் சிவகாந்த் ஜா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அவரும் ஓய்வுபெற்ற அரசு அலுவலர்தான். ஓய்வூதியர்களின் இத்தகைய வழக்குகள் பலவற்றை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையும் விசாரித்து, கோரிக்கையை மறுபடி பரிசீலிக்க உத்தரவிட்டிருக்கிறது. தங்களுடையது பட்டியலில் உள்ள மருத்துவமனை என்பதால் வாதம் இன்னும் எளிது. விண்ணப்பத்தின் வரைவை எனக்கு அனுப்பினால் படித்துப் பார்த்துத் திருத்தித் தருகிறேன்.